முடிச்சு அவிழ்க்கும் புரதம்: ஒரு ரிப்போர்ட்டில் வந்த ஜீனின் கதை

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு மெசேஜ். நம்ம நேயர் ஒருத்தங்க அனுப்பினாங்க. அவங்க அனுமதியோடதான் இதைப் பேசறேன். பெயர், ஊர் எதுவும் சொல்லப் போறதில்லை.

அவங்க அக்காவுக்கு நாலு வயசுல ஒரு பொண்ணு இருக்கா. குழந்தை உட்கார்ந்தது தாமதம், நடந்தது தாமதம். இப்போ நாலைஞ்சு வார்த்தைதான் பேசுறா. பல டாக்டர்களைப் பார்த்து, கடைசியா மரபணுப் பரிசோதனை எடுத்தாங்க. ரிப்போர்ட்ல ஒரே ஒரு ஜீன் பெயர் இருந்தது: டிடிஎக்ஸ்3எக்ஸ். அதில் ஒரு எழுத்து மாறியிருக்கு. இந்த மாற்றம் அப்பாவிடமும் இல்லை, அம்மாவிடமும் இல்லை, குழந்தையிடம் புதிதாக உண்டானது என்றும் எழுதியிருந்தது.

வீட்டில் அந்தக் கடைசி வரியை யாரும் காதில் போட்டுக்கல. "எங்க பக்கத்துல இப்படி யாரும் இல்லையே"ன்னு ஒரு தரப்பு. "மாசமா இருக்கும்போது நைட் ஷிப்ட் போனாளே, அதான்"னு இன்னொரு தரப்பு. அந்தச் சித்தி என்னிடம் கேட்டது மூணு கேள்வி. இந்த ஜீன் உடம்புல என்னதான் வேலை செய்யுது? ஒரு எழுத்து மாறினதுக்கு ஏன் இவ்வளவு? அக்கா ஏதாவது தப்பு பண்ணிட்டாளா?

"எழுதி அனுப்பாதீங்க, பேசுங்க. வீட்டுல எல்லாரையும் உட்கார வெச்சுக் கேட்க வைக்கணும்"னும் கேட்டிருந்தாங்க. அதனால பேசறேன்.

நான் டாக்டர் இல்லை. அந்தக் குழந்தைக்கு என்ன செய்யணும்னு சொல்ற தகுதி எனக்குக் கிடையாது. ஆனா அந்த ஜீனைப் பற்றி அறிவியலுக்கு நிறையத் தெரியும். மூணாவது கேள்விக்கான பதிலும் அதுக்குள்ளேயே இருக்கு.

முதலில் ஆர்என்ஏ

பள்ளிக்கூடத்தில் படிச்சிருப்போம். டிஎன்ஏ என்பது செல்லின் உட்கருவுக்குள் பத்திரமாக இருக்கும் மூலப்பிரதி. ஒரு புரதம் தேவைப்படும்போது, அதற்கான பகுதி மட்டும் ஆர்என்ஏவாகப் பிரதி எடுக்கப்படுகிறது. ஜெராக்ஸ் எடுக்கிற மாதிரி. அந்த ஜெராக்ஸ் உட்கருவை விட்டு வெளியே வரும். அங்கே ரைபோசோம் என்கிற இயந்திரம் அதைப் படித்து, அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோத்துப் புரதம் தயாரிக்கும்.

பாடப்புத்தகப் படத்தில் அந்த ஆர்என்ஏ ஒரு நேர்க்கோடு. நிஜத்தில் அப்படி இல்லை. டிஎன்ஏவுக்கு இரண்டு இழைகள். ஒன்றோடு ஒன்று ஜோடி சேர்ந்து இருக்கும். ஆர்என்ஏவுக்கு ஒரே இழை. ஆனால் அதன் எழுத்துகளும் ஜோடி தேடும்: ஏ எழுத்து யூவோடு, ஜி எழுத்து சியோடு. பக்கத்தில் இன்னொரு இழை இல்லாததால், அது தன்மேலேயே மடங்கி ஒட்டிக்கொள்ளும். பையில் போட்டு வெச்ச இயர்போன் வயரை வெளியே எடுத்தா எப்படி இருக்கும்? யாரும் முடிச்சுப் போடல, தானா விழுந்திருக்கும். அதே கதைதான். அதிலும் ஜி-சி ஜோடிகள் நிறைய இருந்தால் முடிச்சு ரொம்ப இறுக்கமாக இருக்கும்.

ரைபோசோமுக்கு இது பெரிய தொல்லை. புரதத்துக்கான செய்தி ஆர்என்ஏவின் முதல் எழுத்திலேயே தொடங்குவதில்லை. அதற்கு முன்னால் ஒரு முகவுரைப் பகுதி இருக்கும். ரைபோசோமின் சிறிய பாதி முன்முனையில் ஏறி, அந்த முகவுரை வழியாக நகர்ந்து, ஏ-யூ-ஜி என்ற தொடக்கக் குறியைத் தேடிப் போகும். வழியில் இறுக்கமான முடிச்சு இருந்தால் அங்கேயே நின்றுவிடும். செய்தி இருந்தும் புரதம் உருவாகாது.

அந்த முடிச்சை யாராவது அவிழ்க்கணும். அந்த வேலைக்கு இருக்கிற புரதங்களைத்தான் ஆர்என்ஏ ஹெலிகேஸ்கள்னு சொல்றாங்க. டிடிஎக்ஸ்3எக்ஸ் அதில் ஒண்ணு. சொல்ல வசதியா இனிமே டிடிஎக்ஸ்3ன்னு சுருக்கிக்கறேன்.

பயமுறுத்தும் ஒரு பெயர்

அந்தச் சித்தி கூகுள் பண்ணிப் பார்த்து, முதல் வரியிலேயே பயந்துட்டாங்களாம். "டெட் பாக்ஸ் புரதம்"னு போட்டிருந்ததாம். ஆங்கிலத்தில் செத்துப்போனதுன்னு அர்த்தம் வருமே!

விஷயம் ரொம்பச் சாதாரணம். அமினோ அமிலங்களை எழுத ஆளுக்கொரு ஆங்கில எழுத்து வெச்சிருக்காங்க. ஆஸ்பார்ட்டிக் அமிலத்துக்கு டி, குளூட்டமிக் அமிலத்துக்கு இ, அலனினுக்கு ஏ. இந்தக் குடும்பத்துப் புரதங்கள் எல்லாவற்றிலும் ஓரிடத்தில் டி-இ-ஏ-டி என்ற நாலு எழுத்து வரிசையாக வரும். சேர்த்துப் படிச்சா "டெட்". 1989இல் இந்தக் குடும்பத்தை அடையாளம் கண்டவர்கள் அதையே பெயராக வைத்துவிட்டார்கள். சாவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. மனிதர்களுக்கு இந்தக் குடும்பத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட புரதங்கள் இருக்கின்றன.

எப்படி வேலை செய்யுதுன்னு பார்ப்போம். டிடிஎக்ஸ்3 புரதம் 662 அமினோ அமிலங்கள் கொண்டது. அதன் மையத்தில் இரண்டு உருண்டைகள், நடுவில் வளையக்கூடிய ஒரு சிறு இணைப்பு. செல்லின் எரிபொருளான ஏடிபியும் ஆர்என்ஏவும் வந்து உட்கார்ந்ததும், இரண்டு உருண்டைகளும் நெருங்கி மூடிக்கொள்ளும். மூடும்போது, பிடித்திருக்கும் ஆர்என்ஏ இழையை வளைத்துவிடும். வளைந்த இழையால் தன் ஜோடியோடு ஒட்டி இருக்க முடியாது, அந்த இடத்தில் பிரியும். பிறகு ஏடிபி உடையும், உருண்டைகள் திறக்கும், புரதம் ஆர்என்ஏவை விட்டு விலகும். மறுபடி வேறொரு முடிச்சுக்குப் போகும்.

டிஎன்ஏவைப் பிரிக்கும் ஹெலிகேஸ்கள் ஜிப் திறப்பது மாதிரி சர்ரென்று ஓடும். இது அப்படி ஓடாது. நகத்தால் முடிச்சை நெகிழ்த்துவது மாதிரி, அந்தந்த இடத்தில் கொஞ்சம் தளர்த்திவிட்டு நகர்ந்துவிடும். பிடிப்பது, வளைப்பது, விடுவது என்று மூன்று படி. அந்த மூன்றாவது படியை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. பின்னாடி தேவைப்படும்.

ஒரே ஆள், பல வேலை

முடிச்சு அவிழ்ப்பது எவ்வளவு அடிப்படையான வேலைன்னு புரிய ஒரு பரிசோதனை போதும். ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்ட் இருக்கே, அதுக்குள்ளும் இந்தப் புரதத்தின் உறவுக்காரர் ஒன்று இருக்கிறது. பெயர் டெட்1. அதை எடுத்துவிட்டால் ஈஸ்ட் செத்துப்போகும். அந்த இடத்தில் மனிதனின் டிடிஎக்ஸ்3 ஜீனை வைத்தால் ஈஸ்ட் பிழைத்துக்கொள்ளும். நமக்கும் ஈஸ்ட்டுக்கும் பொதுவான மூதாதை வாழ்ந்து நூறு கோடி ஆண்டு அளவில் ஆகியிருக்கும். அதற்குப் பிறகும் உதிரிப்பாகம் பொருந்துது!

எல்லா ஆர்என்ஏவுக்கும் டிடிஎக்ஸ்3 ஒரே அளவில் தேவைப்படுவதில்லை. முகவுரையில் சிக்கல் அதிகமுள்ள ஆர்என்ஏக்கள்தான் இதை நம்பி இருக்கின்றன. அதனால் இது குறைந்தால் எல்லாப் புரதமும் ஒட்டுமொத்தமாக நின்றுவிடாது. சில புரதங்கள் மட்டும் அளவு தவறிப்போகும்.

அடுத்த வேலை, ஆபத்துக் காலத்தில். அதிக வெப்பம், நச்சு, வைரஸ் என்று ஏதாவது நெருக்கடி வந்தால், செல் பெரும்பாலான புரதத் தயாரிப்பை நிறுத்தும். பாதியில் நின்ற ஆர்என்ஏக்களும் சில புரதங்களும் தண்ணீரில் எண்ணெய் திரள்வது மாதிரி சிறு துளிகளாகத் திரளும். இதுக்கு அழுத்தத் துளிகள்னு பேர் வெச்சுக்கலாம். இவை திரள டிடிஎக்ஸ்3 உதவுகிறது. அதே டிடிஎக்ஸ்3, செல்லைத் தற்கொலைக்குத் தள்ளி அழற்சியைத் தூண்டும் இன்னொரு அமைப்புக்கும் தேவைப்படுகிறது. அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் உள்ள செயின்ட் ஜூட் மருத்துவமனை ஆய்வாளர்கள் 2019இல் நேச்சர் இதழில் இதை வெளியிட்டார்கள். டிடிஎக்ஸ்3 துளிக்குள் போய்விட்டால், தற்கொலை அமைப்புக்கு ஆள் கிடைக்காது, செல் பிழைக்கும். அந்த அமைப்பின் பக்கம் போனால் செல் சாகும். ஒரே ஆளை ரெண்டு பக்கமும் இழுக்கிற கயிறு இழுக்கும் போட்டி.

வைரஸ் விஷயத்திலும் இப்படித்தான். எச்ஐவியை எடுத்துக்கோங்க. அதன் முழு ஆர்என்ஏ 9 ஆயிரம் எழுத்துகளுக்கு மேல் நீளம். வெட்டி ஒட்டி முடிக்காத ஆர்என்ஏவை உட்கருவை விட்டு வெளியே விடக்கூடாது என்பது நம் செல்லின் விதி. எச்ஐவிக்கோ வெட்டாத ஆர்என்ஏ வெளியே போயாகணும். அதற்கு ரெவ் என்ற தன் புரதத்தை வைத்து ஒரு வழி செய்துகொள்கிறது. அந்த வழிக்கு நம் டிடிஎக்ஸ்3 தேவை என்று 2004இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதற்கு முன்பே, 1999இல், ஹெபடைட்டிஸ் சி வைரஸின் உறைக்கான மையப் புரதம் டிடிஎக்ஸ்3யைப் பிடித்துக்கொள்வது தெரிந்திருந்தது.

அப்போ இது துரோகியா? அவசரப்படாதீங்க. 2008இல் வேறு ஆய்வாளர்கள் கண்டது: வைரஸ் வந்ததும் இன்டர்பெரான் என்ற எச்சரிக்கைப் பொருளைச் சுரக்கச் சொல்லும் சங்கிலியில் டிடிஎக்ஸ்3யும் ஒரு கண்ணி. வாக்சினியா என்ற வைரஸ், தன் புரதம் ஒன்றை அனுப்பி டிடிஎக்ஸ்3யின் கையைக் கட்டிப்போடுகிறது. காவல்காரன் என்பதால்தானே கட்டிப்போட வேண்டியிருக்கு!

இங்கேதான் மருந்து ஆய்வாளர்களுக்கு ஆசை வந்தது. வைரஸின் புரதத்தைக் குறிவைத்தால் வைரஸ் சீக்கிரம் மாறித் தப்பிக்கும். நம் புரதத்தைக் குறிவைத்தால் அப்படித் தப்பிப்பது கஷ்டம். சில புற்றுநோய்களிலும் டிடிஎக்ஸ்3 அளவுக்கு மேல் இருப்பதைப் பார்த்து, அதைத் தடுக்கும் ஆர்கே-33 என்ற மூலக்கூறை எலிகளில் சோதித்தார்கள். நுரையீரல் புற்றுக்கட்டிகள் கதிர்வீச்சுக்குக் கூடுதலாகப் பணிந்தன. ஆனால் 2012இல் குழந்தைகளின் சிறுமூளையில் வரும் மெடுல்லோபிளாஸ்டோமா என்ற புற்றுநோயை ஆராய்ந்தபோது, அங்கே டிடிஎக்ஸ்3 ஜீனில்தான் கோளாறு அடிக்கடி தென்பட்டது. ஓரிடத்தில் கூடினால் கெடுதி, இன்னோரிடத்தில் பழுதானால் கெடுதி. ஆக இது நல்ல புரதமா கெட்ட புரதமான்னு கேட்கிறதில் பயனில்லை. எவ்வளவு இருக்கு, ஒழுங்கா வேலை செய்யுதா என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்வியோட குழந்தைகிட்ட திரும்பி வரலாம்.

ஏன் பெரும்பாலும் பெண் குழந்தைகள்?

பெயரின் கடைசியில் ஒரு எக்ஸ் இருக்கே, அது எக்ஸ் குரோமோசோமைக் குறிக்கும். பெண்களுக்கு எக்ஸ் இரண்டு. ஆனால் ஒவ்வொரு செல்லிலும் ஒன்று பெரும்பாலும் அடங்கிவிடும். மேரி லயன் 1961இல் முன்வைத்த கருத்து இது. முழுவதும் அடங்குவதில்லை. ஒரு சில ஜீன்கள் மட்டும் அடங்கிய எக்ஸிலிருந்தும் பேசிக்கொண்டே இருக்கும். டிடிஎக்ஸ்3 அந்தச் சிலதில் ஒன்று. அதாவது பெண்களின் செல்களில் இதன் இரண்டு பிரதிகளும் வேலை செய்கின்றன.

ஆண்களுக்கு ஒரு எக்ஸ்தான். ஆனால் ஒய் குரோமோசோமில் இதன் இரட்டை மாதிரி டிடிஎக்ஸ்3ஒய் இருக்கிறது. இரண்டு புரதங்களும் 90 சதவீதத்துக்கும் மேல் ஒரே மாதிரி. ஆக ஆணோ பெண்ணோ, உடம்பு இந்தப் புரதத்தை இரட்டை அளவில் வைத்துக்கொள்ளப் பார்க்கிறது. அவ்வளவு முக்கியம்.

பெண் குழந்தைக்கு ஒரு பிரதி பழுதானால் மறு பிரதி இருக்கும். உயிர் தாங்கும், ஆனால் அளவு போதாது. ஆண் கருவில் அந்த ஒரே எக்ஸில் கடுமையான பழுது வந்தால், ஒய்யில் இருப்பது அதை ஈடுகட்டுவதில்லை. பெரும்பாலும் அந்தக் கரு பிழைப்பதில்லை என்று கருதுகிறார்கள். மென்மையான மாற்றங்கள் உள்ள சிறுவர்கள் இருக்கிறார்கள், ஆனால் குறைவு. அதனாலதான் இந்தப் பட்டியலில் பெரும்பாலும் பெண் பெயர்கள்.

2015இல் தான் மருத்துவ உலகம் இதைத் தனி நோயாக அடையாளம் கண்டது. 38 பெண்களிடம் 35 வெவ்வேறு மாற்றங்கள், எல்லாமே இந்த ஒரே ஜீனில். காரணம் தெரியாத அறிவுத்திறன் குறைபாடு உள்ள பெண்களில் 1 முதல் 3 சதவீதம் பேருக்கு இது காரணமாக இருக்கலாம் என்று அந்த ஆய்வு கணித்தது. ஒரே ஜீனுக்கு இது பெரிய எண். தளர்ந்த தசை, தாமதமாக நடப்பது, பேச்சு வராதது, சிலருக்கு வலிப்பு. ஒவ்வொரு குழந்தைக்கும் அளவு வேறுபடும்.

இப்போ ரெண்டாவது கேள்வி. ஒரு எழுத்துக்கு ஏன் இவ்வளவு?

கருவில் மூளையின் மேலுறை உருவாகும்போது, தாய்ச்செல்கள் பிரிந்து நரம்புச் செல்களைப் பெற்றெடுக்கின்றன. எப்போது பிரிவது, எப்போது நரம்புச் செல்லாக மாறுவது என்பதெல்லாம் சரியான நேரத்தில் சரியான புரதம் வருவதைப் பொறுத்தது. முடிச்சு அவிழ்ப்பவர் குறைந்தால் அந்த நேரக்கணக்கு தவறும். 2020இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகக் குழு தலைமையில், 107 பேரின் தரவோடு எலிகளிலும் செல்களிலும் இதைச் சோதித்தார்கள். டிடிஎக்ஸ்3 குறைந்தபோது நரம்புச் செல்கள் உருவாவது பாதிக்கப்பட்டது.

அதில் ஒரு ஆச்சரியம். ஜீன் முழுதாகச் செயலிழந்தவர்களைவிட, ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியவர்களில் சிலருக்குப் பாதிப்பு கடுமையாக இருந்தது. ஏன்? நான் ஞாபகம் வெச்சுக்கச் சொன்ன மூன்றாவது படி. இந்த மாறிய புரதங்கள் ஆர்என்ஏவைப் பிடித்துக்கொள்கின்றன, ஆனால் சரியாக விடுவதில்லை. நெருக்கடியே இல்லாத செல்லில்கூட, அழுத்தத் துளிகள் மாதிரியான திரட்சிகள் தேவையில்லாமல் உருவாகின்றன. வேலைக்கு வராத ஆளைவிட, வந்து வழியை அடைச்சுக்கிட்டு நிற்கிற ஆள் அதிகத் தொல்லை. எந்த எழுத்து மாறியிருக்கு என்பது அதனாலதான் முக்கியம். ரிப்போர்ட்ல அது இருக்கும். அதை மரபியல் மருத்துவரிடம் காட்டிக் கேளுங்க.

மூணாவது கேள்வி

இனிமே நான் பேசுறது அந்த வீட்டில் உட்கார்ந்து கேட்டுக்கிட்டிருக்கிற பெரியவங்ககிட்ட.

ஐயா, அம்மா. நம்ம டிஎன்ஏவின் ஒரு தொகுப்பில் சுமார் 300 கோடி எழுத்துகள் இருக்கு. ஒவ்வொரு தலைமுறையிலும் அதைப் பிரதி எடுக்கும்போது சில எழுத்துகள் மாறிடும். உங்களுக்கு, எனக்கு, எல்லாருக்கும், அப்பா அம்மாகிட்ட இல்லாத புது மாற்றங்கள் 60, 70 போல இருக்கு. பெரும்பாலானவை எதுவும் செய்யாத இடங்களில் விழுது. அதனால நமக்குத் தெரியறதே இல்லை. இந்தக் குழந்தைக்கு ஒரு மாற்றம் முக்கியமான ஒரு இடத்தில் விழுந்துடுச்சு.

அது எப்போ விழுந்தது? பெரும்பாலும் கருமுட்டையிலோ விந்தணுவிலோ, இல்லைன்னா கரு உண்டான ஆரம்ப நாட்களில். அதாவது தான் கர்ப்பமா இருக்கோம்னு அந்த அம்மாவுக்கே தெரியறதுக்கு முன்னாடி. நைட் ஷிப்ட், சாப்பாடு, பயணம், கிரகணம், எதுவும் அந்த எழுத்தை மாத்தல. உங்க பக்கம், எங்க பக்கம்னு பார்க்கிறதுக்கும் இடமில்லை. ரெண்டு பக்கமும் சோதிச்சுப் பார்த்தாச்சு, ரெண்டு பக்கமும் இல்லை. அந்த ரிப்போர்ட்டின் கடைசி வரி சொல்றது அதைத்தான்.

அடுத்த குழந்தைக்கு வருமா? வாய்ப்பு குறைவு. ஆனா பூஜ்யம்னு சொல்ல முடியாது. ஏன்னா சில சமயம் ரத்தத்தில் தெரியாத மாற்றம் கருமுட்டைகள் சிலதிலோ விந்தணுக்கள் சிலதிலோ ஒளிஞ்சிருக்கலாம். அதை மரபியல் ஆலோசகரோட உட்கார்ந்து பேசணும்.

இந்த ஜீனைச் சரிசெய்யும் மருந்து இன்னைக்கு இல்லை. இருக்குன்னு யாராவது பணம் கேட்டா நம்பாதீங்க. பேச்சுப் பயிற்சி, பிசியோதெரபி, வலிப்பு இருந்தா அதுக்கான சிகிச்சை, இதெல்லாம் உண்டு. சில குழந்தைகள் வாக்கியமாப் பேசுறாங்க. சில குழந்தைகள் பேசாமலேயே சைகையிலும் படங்களிலும் சொல்றாங்க. அந்தப் பயிற்சிக்குத் தினமும் ஒரு பெரியவர் கூட உட்காரணும். யார் தப்புன்னு பேசுற நேரத்தை அதுக்குக் கொடுக்கலாம்.

சித்தி கடைசியா அனுப்பின மெசேஜ்ல, பாப்பா புதுசா ஒரு வார்த்தை சொல்றான்னு எழுதியிருந்தாங்க. "தா." எதைப் பார்த்தாலும் "தா"வாம். கேட்க ஆரம்பிச்சுட்டா. அவளுக்கு என் அன்பு.

இந்த எபிசோடு பற்றிக் கேள்வி இருந்தா எழுதுங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.